ராணியை மாற்றினால் பெட்டியே மாறும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தேன்கூடு என்றால் பலரும் காட்டுவது மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டைத்தான். அதைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீயும், வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயும் பெட்டிக்குப் பழகும். திருவள்ளூர் மாந்தோப்பில் பெட்டி வைத்திருப்பவருக்கு ஒரு நாள் இந்தச் சந்தேகம் வரும்: இந்தப் பெட்டி ஈக்கள் ஓயாமல் கொட்டுகின்றன, தேனும் குறைவு, வேறு நல்ல வம்சத்து ராணியை உள்ளே விட்டால் என்ன?

விடலாம். பெட்டியில் உள்ள பணித்தேனீக்கள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். முட்டை தேனீயாக வெளியே வர ஏறக்குறைய 3 வாரம். பூக்காலத்தில் உழைத்துத் தேயும் பணித்தேனீயின் ஆயுள் சுமார் 6 வாரம். எனவே தாயை மாற்றிய இரண்டு, இரண்டரை மாதத்தில் பழைய ஈக்கள் அநேகமாக இருக்காது. நிறம், குணம், நோய் தாங்கும் சக்தி எல்லாமே புதிய ராணியின் வழியில் போய்விடும்.

தடை, வாசனைதான். ராணியின் தாடைச் சுரப்பியில் ஊறும் ஒரு வாசனைப் பொருள் ஈக்களின் உடல் வழியே பெட்டி முழுக்கப் பரவுகிறது. ராணியை எடுத்துவிட்டால் சில மணி நேரத்திலேயே கூட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும். இளம்புழுக்கள் இருக்கும் அறைகளை நீட்டி, அவசர ராணி வளர்க்கத் தொடங்கிவிடும். அந்த அறைகளைத் தேடிக் கிள்ளிவிட்டு, புது ராணியைச் சிறு வலைக் கூண்டில் வைத்து அடைகளுக்கு நடுவே செருக வேண்டும். கூண்டின் வாயில் சர்க்கரைப் பொடியும் தேனும் பிசைந்த அடைப்பு. ஈக்கள் அதைத் தின்று வழி திறக்க ஓரிரு நாள் ஆகும். அதற்குள் அந்நிய வாசனை பழகிவிடும்.

திறக்கும் முன் வலையின் மேல் மொய்க்கும் ஈக்களை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எளிதாக நகர்ந்து, நாக்கை நீட்டி ராணிக்கு ஊட்டினால் சம்மதம். கம்பியைக் கவ்விக்கொண்டு விடாப்பிடியாக நின்றால் இன்னும் கோபம் தணியவில்லை. அவசரப்பட்டுத் திறந்தால் ராணியைப் பந்துபோல் சூழ்ந்து கொன்றுவிடும். பொறுமையில்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

ராணி மாற்றும் வேலையின் எல்லையைத் தொட்டுப் பார்த்தது 1962. அன்று பஞ்சாபில் இருந்த, இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள நக்ரோட்டா பக்வானில், பூச்சியியலாளர் ஏ.எஸ்.அத்வாலும் சகாக்களும் முட்டையிடும் நிலையில் இருந்த இத்தாலிய ராணிகளை, ராணி நீக்கிய இந்தியத் தேனீக் கூட்டங்களில் சேர்த்தார்கள். அப்போதுதான் பிறந்த இளம் ஈக்களைத் துணைக்கு விட்டார்கள். அவை வேற்று ராணியை எதிர்ப்பது குறைவு. ஒரு இனத்தின் தாதிகள் இன்னொரு இனத்தின் பிள்ளைகளை வளர்த்தன. இத்தாலியத் தேனீ இந்தியாவில் நிலைத்தது இப்படித்தான். ஆனாலும் இரண்டுக்கும் கலப்பு வாரிசு கிடையாது. செயற்கையாகக் கருவூட்டிப் பார்த்தும் கருக்கள் பிழைக்கவில்லை.

ஒரே இனத்துக்குள் வம்சம் மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. தேவையும் அதிகம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் வட்டாரமும் தப்பவில்லை. புழுக்களைக் கொல்லும் நோய் அது. தப்பிய கூட்டங்களிலிருந்து ராணி எடுத்துப் பெருக்குவதுதான் அன்று முதல் நம்பகமான வழி.

இங்கேதான் வெளியூர் ராணி மீது எனக்குத் தயக்கம். அவளது மகள் ராணி வானில் பறந்து பல ஆண் தேனீக்களோடு கூடுவாள். அவை நம் ஊர் ஆண்கள். அடுத்த தலைமுறையிலேயே வாங்கிய வம்சம் பாதியாகிவிடும். கூடவரும் தாதி ஈக்களோடு உண்ணியும் வைரஸும் வரலாம்.

திருவள்ளூர் வெயிலையும் நோயையும் தாண்டி, கொட்டாமல் தேன் தரும் ஒரு பெட்டி உங்களிடமோ பக்கத்துத் தோப்பிலோ இருந்தால் அதற்கு அடையாளம் போட்டு வையுங்கள். பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்து தேன் வரத்து பெருகும்போது அதிலிருந்து ராணி வளர்த்து மற்ற பெட்டிகளுக்குக் கொடுங்கள். வெளியூருக்கு ஆர்டர் கொடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.