பூசணத்தைத் துடைத்தால் மட்டும் போதுமா?

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் போன்றவர்களுக்குக் கவலையும் கூடவே வந்துவிடுகிறது. பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் போகும். பட்டுப் புடவையைப் பிரித்தால் குப்பென்று பூசண வாடை. ஈரத் துணியால் துடைத்து, மேலே ஒரு பூச்சு சுண்ணாம்பும் அடித்துவிடுகிறோம். பத்தே நாளில் பழைய குருடி, கதவைத் திறடி!

பூசணத்துக்கு உயிரே ஈரம்தான். அது வரும் வழியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஈரம் எங்கிருந்து?

1. மழை பெய்யும்போது மட்டும் கூரையில் கறை பரவினால், மொட்டை மாடித் தளத்தில் வெடிப்போ, மழைநீர்க் குழாயில் அடைப்போ இருக்கும்.

2. கோடையிலும் ஒரே இடம் சொதசொதவென்றிருந்தால், சுவருக்குள் குழாய் கசிகிறது. அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா, பாருங்கள்.

3. தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை ஓதம் ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால், அது நிலத்து ஈரம்.

4. மூலைமுடுக்கிலும் பீரோவுக்குப் பின்னாலும் மட்டும் பூசணம் படர்ந்தால், பெரும்பாலும் வீட்டுக்குள் தேங்கும் ஈரக் காற்றுதான் காரணம். சமையல் ஆவி, கொடியில் காயும் துணி எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை.

சந்தேகமாக இருந்தால், பால் கவரை வெட்டிக் கழுவி உலர்த்துங்கள். சுவரைத் துணியால் ஒற்றிவிட்டு, கவரை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கவரின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில்.

நாம் செய்யக்கூடியது

பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். சமைக்கும்போது ஜன்னலைத் திறங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடவிடுங்கள். துணியை உள்ளே காயப்போட்டால் ஃபேன் சுழலட்டும்.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துகள் வீடெங்கும் பறக்கும். மூக்கு வாயை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

துடைக்கும் நேரத்தில் குழந்தைகள் அடுத்த அறையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூசணம் இழுப்பைக் கிளப்பும். குழந்தைக்கு ஓயாத இருமல், இளைப்பு என்றால், டாக்டரிடம் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். தொட்டிலை அந்தச் சுவரோரம் கட்டாதீர்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

முதல் மூன்றும் நம் கையில் இல்லை. "மழைன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று வீட்டுக்காரர் சொன்னால், சரியென்று திரும்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. சண்டை வேண்டாம். தேதியுடன் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். "ஸார், இப்பவே வெடிப்பை அடைச்சா செலவு கம்மி; விட்டா உள்ளே கம்பியே துருப்பிடிச்சுடும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வீட்டுக்கும் அதுதானே நல்லது!

புது வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிந்தால் மழைக்காலத்திலேயே போய்ப் பாருங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.