மாட்டு வைத்தியரிடம் நாயைக் கொண்டு போகலாமா?



மாடு ஒரு விலங்கு. அப்படின்னா மாட்டு வைத்தியரும் விலங்கு வைத்தியர்தானே? நானும் முதலில் 'ஆமாம்' என்றுதான் நினைத்தேன். ஆனால் அது தப்பு. ஏன் என்று பார்ப்போமா?

கணினி நிரலில் 'ஃபங்ஷன்' என்பது ஒன்றை வாங்கி, வேலை செய்து, ஒன்றைத் திருப்பித் தருவது. சி ஷார்ப், ஸ்காலா போன்ற மொழிகளில் ஒரு ஃபங்ஷனையே பொருள் மாதிரி இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம். அப்போது, கேட்டது ஒன்று, கொடுப்பது வேறொன்று என்றால் பொருந்துமா?

முதலில் வாங்கும் பக்கம். 'மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் ஃபங்ஷன் வேண்டும்' என்று நிரல் கேட்கிறது. எல்லா விலங்குக்கும் பார்ப்பதைக் கொடுத்தால் கவலையே இல்லை. ஆனால் எல்லா விலங்குக்கும் பார்க்க வேண்டிய இடத்தில் மாட்டு வைத்தியரை உட்கார வைத்தால்? ஒருவர் நாயைக் கொண்டு வருவார். வைத்தியரோ கொம்பைத் தேடுவார்!

அடுத்தது தரும் பக்கம். இங்கே நேர் எதிர். 'ஏதாவது ஒரு விலங்கு கொடு' என்றால் மாடு தரும் ஃபங்ஷன் போதும். 'மாடு கொடு' என்ற இடத்தில் ஏதோ ஒரு விலங்கைத் தருவது வந்தால், செம்பை எடுத்துக்கொண்டு நாயிடம் பால் கறக்க உட்கார வேண்டியதுதான்!

வாங்கும் பக்க விதிக்குக் 'கான்ட்ராவேரியன்ஸ்' என்றும், தரும் பக்க விதிக்குக் 'கோவேரியன்ஸ்' என்றும் பெயர். ஸ்காலாவில் வாங்கும் வகைக்குக் கழித்தல் குறியும், தரும் வகைக்குக் கூட்டல் குறியும் போட்டிருப்பார்கள். சி ஷார்ப்பில் 2010 முதல் 'இன்', 'அவுட்' என்ற சொற்கள் இதற்கு உண்டு. இவற்றைப் பார்த்து, நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் தப்பைப் பிடித்துவிடும்.

முன்பே பிடிக்காவிட்டால்? 1995-ல் வெளிவந்த ஜாவாவைப் பாருங்கள். மாடுகளின் வரிசையை 'விலங்குகளின் வரிசை' என்று சொன்னாலும் அது ஒத்துக்கொள்ளும். பிறகு அந்த வரிசையில் நாயை வைக்கப் போனால், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் 'பிழை' என்று சொல்லும். அதற்குள் நிரல் யார் கையில் இருக்குமோ!

ஆகவே தோழர்களே, இதை மனசில் வையுங்கள்: ஒருவருக்குப் பதிலாக நிற்பவர், அவர் ஏற்றுக்கொண்ட எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அவர் தருவதாகச் சொன்னதைத் தவிர வேறு எதையும் தரக் கூடாது.



ஒன்பதாம் வகுப்பு மாணவி