பள்ளிக்கூடம் பொங்கி வர எத்தனை நாள்?

இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகப் போட்டு ஊறவைப்பதில்லை. நாலு பங்கு அரிசி ஒரு பாத்திரத்தில், ஒரு பங்கு உளுந்து இன்னொன்றில். அரைப்பதும் தனித்தனியாகத்தான். உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்; அரிசி மாவு விரலில் லேசாக நெருட வேண்டும். பிறகு உப்புப் போட்டு, கையை விட்டுக் கலந்து, மூடி வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஈஸ்ட் எதுவும் யாரும் சேர்ப்பதில்லை. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடேயே வந்திருக்கின்றன. நாம் தருவது கதகதப்பும் நேரமும்தான்.

விடுமுறை முடிந்து தொடக்கப்பள்ளி திறக்கும்போது நடப்பதும் இதேதான். அந்தமானில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளின் மக்கள் தொகை சுமார் 3.8 லட்சம். வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி என்று பல வீட்டுமொழிகள். தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 15 சதவீதம். அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகளும் உண்டு. ஆனாலும் வீதியில், கடையில், படகுத்துறையில் எல்லோரையும் சேர்த்துவைப்பது இந்திதான். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ், விளையாட்டில் இந்தி, பல நேரம் வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்கிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போனால் சென்னை வரை சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று நாள்வாக்கில் ஆகும். பாட்டி வீட்டில் தமிழிலேயே நன்றாக ஊறிவிட்டு வருகிற பிள்ளை, முதல் நாள் வகுப்பு வாசலில் தண்ணீர் பாட்டிலின் வாரைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கும். அது மந்தமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. இன்னும் கலக்கவில்லை, அவ்வளவுதான்.

கலப்பதற்குக் கரண்டி போதாது, கை வேண்டும். வாசலிலேயே உட்கார்ந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்து, பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிற டீச்சர்தான் அந்தக் கை. நேற்றைய மாவில் ஒரு கரண்டி சேர்த்தால் சீக்கிரம் புளிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்புக்கு அந்தக் கரண்டி, பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்பு அக்கா. முதல் வாரம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதி, காத்திருப்பது. ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்காக 2021இல் வந்த ‘வித்யா பிரவேஷ்’ திட்டம் இதற்கென்றே மூன்று மாதம் ஒதுக்குகிறது. அது முழுக்க விளையாட்டு, பாட்டு, கதை வழியாகப் பள்ளிக்குப் பழக்கும் காலம். இரண்டாம் வாரமே “இன்னும் எழுத ஆரம்பிக்கலையா டீச்சர்?” என்று கேட்பது, அரை மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பது. ஊட்டிக் குளிரில் மாவு பொங்க நேரமாகும். அதற்காக யாரும் மாவைக் குறை சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிற பெற்றோருக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

கப்பல் டிக்கெட் கிடைக்காமலோ, கடல் சரியில்லாமலோ சில குடும்பங்கள் பள்ளி திறந்த பிறகுதான் வந்து சேரும்.

“டி.சி. இன்னும் வரலை சார். சேத்துக்குவீங்களா?”

“பிள்ளையக் கூட்டிட்டு வாங்கம்மா. பேப்பர் அப்புறம் வரட்டும்.”

இப்படிப் பதில் சொல்வது தயவு அல்ல, சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும், சேர்க்கைத் தேதி கடந்திருந்தாலும் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. தாய்மார்கள் தயங்கித் தயங்கி அலுவலக அறைக்கு வெளியே நிற்பதைப் பார்க்கும்போது, இதைப் பள்ளி வாசலில் எல்லா மொழியிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றும்.

அந்தத் தாயும் இந்தக் கலவையில் சேர்ந்தவள். அதே சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இந்தி வராது என்று அவள் கடைசி நாற்காலியில் ஒதுங்கிவிடுகிறாள். முதல் வாரத்தில் ஒரு மதியம் அவளைச் சமையல்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய் என்பது மதிய உணவுத் திட்டத்தின் கணக்கு. பரிமாறுமுன் பெரியவர்கள் ருசி பார்த்தாக வேண்டும். உப்பு சரியா என்று அவளையும் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அவள் வாய் திறக்கக்கூடும்.

பொங்கிய மாவைப் போட்டு அடித்துக் கிளறக் கூடாது; இட்லி கல்லாகிவிடும். நாற்பதாவது நாளோ ஐம்பதாவது நாளோ, அதுவரை பேசாத பிள்ளை எழுந்து, “டீச்சர், மேரா பென்சில் காணோம்” என்று சொல்லும். அந்த நேரத்தில் எந்த மொழியையும் திருத்தாதீர்கள். பென்சிலைத் தேடிக் கொடுங்கள்.