மிதிவெடியில் கால் இழந்த யானை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் தெற்கே சுற்றுலா செல்லும்போது தெகிவளை மிருகக்காட்சிச்சாலை தவறாமல் இடம்பெறும். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின், 2009 வரை அதுவும் இல்லாமற் போயிற்று. இன்று பிள்ளைகள் போய்வருகிறார்கள். ஆனால் முட்கம்பி வேலிக்குள் நாட்களைக் கழித்த தாய்மாருக்குக் கூண்டைப் பார்ப்பது இலகுவானதல்ல. "அம்மா, அதுகளை ஏன் அடைச்சு வைச்சிருக்கினம்?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

தெகிவளை, ஜோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மனிய விலங்கு வியாபாரியின் சேகரிப்பாகத் தொடங்கியது. 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. நெடுங்காலமாக அங்கு பெயர்பெற்றிருந்தது யானை நடனம். அதைப் பார்த்து யானையைப் பற்றிப் பிள்ளைகள் எதனைக் கற்றார்களோ, எனக்கு விளங்கவில்லை.

பின்னவல யானைகள் சரணாலயம் 1975இல், தாயை இழந்த குட்டிகளுக்காக ஆரம்பிக்கப்பட்டது. மிதிவெடியில் முன்காலொன்றின் பாதத்தை இழந்த 'சாமா' என்ற பெண் யானை அங்குதான் மூன்று காலில் வளர்ந்தது. செயற்கைக் காலுடன் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைக் கண்ட எமது ஊர்களில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை.

1995இல் தொடங்கிய உடவளவ யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தின் முறை வேறு. அங்கும் அநாதைக் குட்டிகளுக்குச் சில மணிநேரத்துக்கொரு தடவை பால் கொடுக்கிறார்கள். ஆனால் பார்வையாளர் தொட முடியாது, எட்ட நின்றே பார்க்கலாம். மனிதருடன் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது என்பதே காரணம். ஏறத்தாழ ஐந்து வயதானதும் கூட்டமாகக் காட்டில் விடுவார்கள்.

வன்னியில் மீள்குடியேறி, நட்ட தென்னம்பிள்ளைகளை யானைக்குப் பறிகொடுத்த பெண்களுக்கு இது கசக்கலாம். அவர்களது கோபம் நியாயமானது. அந்த மோதலிலேயே தாய் யானைகளும் சுடப்படுகின்றன, குட்டிகள் அநாதைகளாகின்றன.

பிள்ளையின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. அரேபிய ஓரிக்ஸ் என்ற மானினம் 1972இல் காட்டில் முற்றாக அழிந்தது. மிருகக்காட்சிச்சாலைகளில் வளர்த்துப் பெருக்கியவற்றை 1982இல் ஓமான் பாலைவனத்தில் விட்டார்கள். அடைத்து வைத்ததால் மிஞ்சிய இனம் அது. திரும்ப விடும் எண்ணமோ, கற்பிக்கும் எண்ணமோ இல்லாமல் வெறும் வேடிக்கைக்காக அடைத்து வைத்திருந்தால், "தெரியவில்லை பிள்ளை" என்றே சொல்லலாம்.

கொழும்புப் பயணத்துக்குக் காசு கட்ட முடியாத தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசிய பூங்காவானது. மாரி காலத்தில் பூநாரைகள் அங்கு கூட்டமாக இறங்கும். கூண்டில்லை. விடியற்காலையில் போனால் நன்றாகப் பார்க்கலாம்.