பிடித்த கை ஏன் நழுவுகிறது?

மணிக்கட்டை ஒருவன் இறுகப் பிடித்தால் வெடுக்கென்று பின்னால்தான் இழுப்போம். சினிமாவில் சரி, நிஜத்தில் அவனும் கூடவே வருவான். பிடியை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் நான்கு விரல்கள், மறுபக்கம் கட்டைவிரல் மட்டும். அதன் நுனிக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில்தான் பிடி பலவீனம். நம் மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, முழங்கையை அவன் பக்கம் கொண்டுபோய்க் கையைச் சட்டென மடக்க வேண்டும். முன்கை நெம்புகோலாகிவிடும், ஒற்றைக் கட்டைவிரல் தாங்காது. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ கற்பித்ததும் இதே வழிதான்: பலத்தோடு முட்டாதே, திருப்பிவிடு.

பயத்தில் அட்ரினலின் பாய்ந்தால் விரல்களின் நுட்ப வேலை தடுமாறும். அதனால்தான் பயிற்சியில் ஒரே அசைவைச் சலிக்கச் சலிக்கச் செய்யவைக்கிறார்கள். கை விடுபட்டதும் கூச்சலிட்டபடி ஆள் நடமாட்டமுள்ள பக்கம் ஓடுங்கள்.