கேப்டன் ஜோசன் ஆளுநரான கதை

போர்க்காலத்தில் வயல்காட்டில் ஒளிந்து சண்டை போட்ட ஒருவர், பிறகு தேர்தலில் நின்று ஒரு மாகாணத்தையே பல ஆண்டுகள் ஆள்வது எப்படி? பிலிப்பைன்ஸ் அரசியலைப் படிக்கத் தொடங்கும் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. எதுவார்தோ ஜோசன் என்ற ஒருவரை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மாகாணம் நுவேவா எசிஹா. லூசோன் தீவின் நடுவில் இருக்கிறது. நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர். விளைநிலத்தில் பெரும்பகுதி சில பணக்காரக் குடும்பங்களின் கையில் இருந்தது, உழுதவர்கள் குத்தகைக்காரர்கள். 1942இல் ஜப்பான் நாட்டைப் பிடித்தபோது, சரணடைய மறுத்த ராபர்ட் லாஃபம் என்ற அமெரிக்க அதிகாரி இங்கே ஒரு கெரில்லாப் படையைக் கட்டினார். அதில் இரண்டு உள்ளூர்க் கேப்டன்கள் முக்கியமானவர்கள். ஒருவர் ஹுவான் பஹோட்டா, இன்னொருவர் ஜோசன்.

1945 ஜனவரி 30ஆம் தேதி இரவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கபனாத்துவான் நகருக்கு அருகே இருந்த சிறைமுகாமில் 500க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அடைபட்டிருந்தார்கள், பெரும்பாலோர் அமெரிக்கர்கள். ஒன்றரை மாதம் முன்புதான் பலாவான் தீவில் ஜப்பானியர்கள் கைதிகளைப் பதுங்குகுழிகளுக்குள் விட்டு எரித்துக் கொன்றிருந்தார்கள். இங்கேயும் அதுதான் நடக்கும் என்ற பயத்தில், 121 அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் எதிரி எல்லைக்குள் நடந்தே வந்தார்கள். சாலையில் ஜப்பானியப் படை நகர்கிறது, ஒருநாள் பொறுங்கள் என்று தடுத்தவர் பஹோட்டா. வழியோரக் கிராமங்களில் நாய்களின் வாயைக் கட்டினார்கள், கோழிகளைக் கூண்டில் அடைத்தார்கள். சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா? தாக்குதல் தொடங்கியதும் கபு பாலத்தில் ஜப்பானியரை பஹோட்டாவின் ஆட்கள் மறித்துச் சண்டையிட்டார்கள். ஜோசனும் சுமார் 80 பேரும் எதிர்ப்பக்கம், கபனாத்துவான் நகரிலிருந்து வரும் சாலையை அடைத்து நின்றார்கள். நகரில் ஆயிரக்கணக்கான எதிரிகள் இருந்தார்கள். அவர்கள் கிளம்பி வந்திருந்தால் முதல் அடி ஜோசனின் ஆட்களுக்குத்தான்.

மீட்கப்பட்ட கைதிகளில் நடக்கக்கூடத் தெம்பில்லாதவர்களை ஏற்றிப்போக விவசாயிகள் எருமை வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு ஊர் வண்டிகள் சேர்ந்து, கடைசியில் நூறைத் தாண்டின. எந்த வீட்டில் வண்டி இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார் என்பதெல்லாம் ராணுவ வரைபடத்தில் இருக்காது. ஜோசன் போன்றவர்களுக்குத் தெரியும். ஒரு கெரில்லாத் தலைவரின் உண்மையான பலம் இதுதான், துப்பாக்கி இரண்டாம் பட்சம் என்பேன்.

போர் முடிந்ததும் அந்தப் பலத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது. நான் போராடினேன் என்று சொல்லி லட்சக்கணக்கானோர் அமெரிக்க ராணுவத்திடம் விண்ணப்பித்தார்கள். அங்கீகாரம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு. அதற்குப் படைத்தலைவர் கொடுக்கும் பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பேசாமல் கட்டளைக்குப் பணிந்த வீரர், இப்போது ஒரு சான்றுக்காக அதே கேப்டனின் வாசலுக்கு வருகிறார். அது போதாதென்று, பிலிப்பினோ வீரர்களின் போர்ச் சேவையைப் பெரும்பாலான சலுகைகளுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. உயிரைக் கொடுக்கத் தயாரானவர்களுக்குச் செய்த பச்சைத் துரோகம் அது. 2009இல்தான், உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்கு ஒரே தடவையாகப் பணம் கொடுத்தார்கள்: அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர்கள் முறையிடவும் உதவி கேட்கவும் உள்ளூர்த் தலைவர்களைத் தவிர வேறு யாரிடம் போவார்கள்?

போராடிய எல்லோருக்கும் இந்த வழி திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானை எதிர்த்த ஹுக் படையும் 1942இல் இதே மாகாணத்தின் கபியாவ் பகுதியில்தான் பிறந்தது. அவர்கள் நிலப் பங்கீடு கேட்டவர்கள். 1946 தேர்தலில் அவர்கள் ஆதரித்த ஜனநாயகக் கூட்டணியின் 6 பேர் வென்றும் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தில் உட்கார விடவில்லை. விவசாயிகள் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். அமெரிக்கர்களோடு நின்ற கெரில்லாவுக்குப் பதவி, நிலம் கேட்ட கெரில்லாவுக்குக் காடு என்று ஆயிற்று.

பிலிப்பைன்ஸில் மாகாண ஆளுநர் தலைநகரிலிருந்து அனுப்பப்படுபவர் அல்ல. மாகாண மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். ஜோசன் 1959 தேர்தலில் ஜெயித்தார். அதிபர் மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்திலும் பதவியில் நீடித்தார். அவருக்குப் பிறகு அவருடைய மகன்கள் அதே நாற்காலிக்கு வந்தார்கள்.

என் கணக்கில் ஜோசனின் முதல் வெற்றி அவர் உழைத்துச் சம்பாதித்தது. ஆனால் அந்த இரவு சாலையை மறித்து நின்றது அவரும் அவருடைய ஆட்களும். வண்டி கொண்டுவந்தவர்கள் குடியானவர்கள். பிள்ளைகளுக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது. 2007 தேர்தலில் நுவேவா எசிஹா மக்கள் ஜோசன் குடும்பத்தைத் தோற்கடித்து, ஆவ்ரேலியோ உமாலியை ஆளுநராக்கினார்கள்.