குரங்குக் காய்ச்சல்: காட்டுக்குள் யார் போகிறார்கள்?

1957இல், அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்து மடிந்தன. அதே பருவத்தில் காட்டோர ஊர்களில் மனிதர்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். மஞ்சள் காய்ச்சலோ என்று முதலில் ஐயுற்ற புனே வைரஸ் ஆய்வு மைய அறிவியலாளர்கள், இறந்த குரங்கிலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். அது உண்ணிக்கடியால் பரவுவதும் உறுதியானது.

திடீர்க் காய்ச்சல், தாங்கவொண்ணாத் தலைவலி, தசைவலி. சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் குடலிலும் குருதிக்கசிவு. நோயுற்ற நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேர் வரை இறக்கின்றனர். முதல் சில நாட்களில் பிசிஆர் சோதனையும், பின்னர் எதிர்ப்பொருள் சோதனையும் நோயைக் காட்டும். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை; உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையே உண்டு.

உண்ணிக்குச் சாதி தெரியாது என்பார்கள். ஆனால், காய்ந்த சருகையும் விறகையும் அள்ளக் காட்டுக்குள் போவது யார்? மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களுக்கு எருவாகும் சருகைச் சேர்க்கும் கைகள் பெரும்பாலும் தோட்ட உடைமையாளரின் கைகள் அல்ல. 1980களின் தொடக்கத்தில், தென் கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடிப் பகுதியில், முந்திரித் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்ட இடத்தில் நோய் பெருகியது. அங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் மார்க் நிக்டர் இதை 'வளர்ச்சியின் நோய்' என்றே குறித்தார். ஆயினும், படிக்கக் கிடைக்கும் மருத்துவ ஆய்வுகளில் 'தொழில்' என்ற கட்டத்தோடு கேள்வி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. யாருடைய நிலத்தில், யாருக்காக அந்தத் தொழில் என்பது பதிவாவதில்லை.

தடுப்பூசியின் கதையும் இதுவே. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, சில மாதங்களில் ஊக்கத் தவணை, பிறகு ஆண்டுதோறும் ஊசி. வலி மிகுந்த ஊசி அது. போட்டுக்கொண்ட மறுநாள் கை தூக்க இயலாதவருக்குக் கூலியும் இல்லை. 2005 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, இரண்டு தவணைகள் ஏறத்தாழ 62 விழுக்காடும், ஊக்கத் தவணையும் சேர்ந்தால் 83 விழுக்காடும் பாதுகாப்பு அளித்ததாகத் தெரிந்தது. போதிய வீரியம் இல்லையென 2022இல் அத்தடுப்பூசி நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த உண்ணிப் பருவங்களில் காட்டுக்குள் சென்றவர்களின் கையிலிருந்தது, உடலில் தடவிக்கொள்ளும் உண்ணிவிரட்டி எண்ணெய் மட்டுமே.